இருபது போல்ட்

அவர் எதையும் இரண்டாம் தடவை கேட்க மாட்டார். "டீ சாப்பிடுறீகளா?" என்பார். நான் மரியாதைக்கு "இல்ல, இருக்கட்டும்" என்பேன். எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தம், 'இன்னொரு தடவை கேளுங்க, குடிக்கிறேன்' என்பதுதான். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி அவருக்கு மட்டும் தெரியாது. ஒரே ஒரு டீ வரும். என் முன்னாலேயே நின்று ஊதி ஊதிக் குடிப்பார். இப்படி மூன்று டீயை இழந்தபின், நாலாவது தடவை அவர் வாயைத் திறக்கும் முன்பே "சாப்பிடுறேன்!" என்று கத்திவிட்டேன். அவர் கேட்க வந்தது, "வண்டிச் சாவி எங்க?"

பேர் வேண்டாம். ஆமத்தூர் விலக்கில் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் பட்டறை வைத்திருந்தார். என் வயதுதான், ஐம்பதை ஒட்டி. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைத் தைரியமாகக் கழற்றி, கழற்றியதைத் திரும்பவும் மாட்டத் தெரிந்த ஆள் அவர்தான். கழற்றுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருக்கிறேன். அது தொழில். பதறுவது உபதொழில். தும்மினால் ஒரு வியாதி, தும்மல் நின்றால் வேறொரு வியாதி என்று நினைக்கிற ஆள். முன்பு சாதாரண கியர் வண்டிதான் வைத்திருந்தேன். ஒருநாள் ரயில்வே கேட் திறந்ததும் பின்னால் இருந்தவர்கள் ஆரன் அடித்த அடியில், கிளட்ச் எது பிரேக் எது என்பதே மறந்துவிட்டது. வண்டியை அணைத்துவிட்டு இறங்கி ஓரமாக நின்றுகொண்டேன், யாரோ விட்டுவிட்டுப் போன வண்டி மாதிரி. பின்னால் இருந்த லாரிக்காரர் இறங்கி வந்து, என் காரை ஓட்டித் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். "ஒரு காலுக்கு வேலையே இல்லாத வண்டியா வாங்கித் தொலைங்க" என்றாள் என் வீட்டுக்காரி. அப்படி வந்ததுதான் ஆட்டோமேட்டிக்.

அந்த வண்டிதான் என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு காலையில் காருக்கு அடியில் சிவப்பாகச் சொட்டியிருந்தது. ரத்தம் என்றே முடிவு கட்டிவிட்டேன். முந்தின நாள் வந்த வழியை எல்லாம் யோசித்து, எந்த வளைவில் யாரை ஏற்றியிருப்பேன் என்று வியர்த்து, நாலு டயரிலும் முடி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். வக்கீலுக்குப் போன் போடப் போனவனை என் வீட்டுக்காரி நிறுத்தி, விரலால் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, "ஆயிலு" என்றாள். கியர் பாக்ஸ் ஆயில் சிவப்பாகத்தான் இருக்குமாம்.

ஆயிலை அதற்கு முன்தான் டவுனில் ஒருவரிடம் மாற்றியிருந்தேன். அவரிடமே போய் "இறுக்குங்க" என்றேன். இறுக்கினார். கூடக் கசிந்தது. "இன்னும் இறுக்குங்க" என்றேன். ஸ்பானரில் ஒரு குழாயையும் சேர்த்து மாட்டி, தொங்கி இறுக்கினார். இப்போது ஒழுகவே ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆமத்தூர் விலக்கு.

நம்மவர் கியர் பாக்ஸுக்கு அடியில் மூடியிருக்கும் ஆயில் தட்டைக் கழற்றி, ஒரு கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து வைத்தார். ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது.

"யாரு இம்புட்டு இறுக்கச் சொன்னது?"

"நாந்தான்."

"கசிஞ்சா இறுக்கக் கூடாது. பேக்கிங் பிதுங்கிரும். தட்டு நெளிஞ்சிரும். மேல உள்ளது அலுமினியம், மரை அந்துரும்."

"அப்ப எம்புட்டு இறுக்கணும்?"

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ பெரிய தத்துவம் வரப்போகிறது என்று நானும் முகத்தை அதற்குத் தோதாக வைத்துக்கொண்டேன்.

"பத்து" என்றார்.

"என்ன பத்து?"

"பத்து நியூட்டன் மீட்டர். இந்த வண்டிக்கு அம்புட்டுத்தான். வேற வண்டின்னா புஸ்தகத்தப் பாக்கணும்."

தத்துவம் அத்தோடு முடிந்தது.

இந்தப் பத்தை அளக்க அவரிடம் டார்க் ரெஞ்ச் என்று ஒன்று இருந்தது. ஸ்பானர் மாதிரித்தான், நீளமான கைப்பிடி. எத்தனை வேண்டும் என்று கைப்பிடியில் திருகி வைத்துவிட்டால், அந்த அளவு இறுக்கியதும் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். டிக் கேட்ட நொடியில் கையை எடுத்துவிடுவார். சூட்டடுப்பில் பட்ட கை மாதிரி. வேலை முடிந்ததும் திருகைப் பழையபடி கீழே இறக்கி, துடைத்து, பெட்டியில் படுக்க வைப்பார். "எதுக்கு இறக்குறீக?" என்று ஒருநாள் கேட்டேன். "உள்ள ஸ்பிரிங்கு இருக்கு. பலத்தோடயே வச்சிருந்தா அதுக்கு அளவு மறந்துபோகும்." யாருக்கும் இரவல் கிடையாது. சொந்தச் சம்பந்திக்கே தரவில்லை என்று கேள்வி.

ஆயில் தட்டுக்கு இருபது போல்ட். வரிசையாகப் போட மாட்டார். நடுவில் ஒன்று, அதற்கு நேர் எதிரே ஒன்று, அப்புறம் இந்தக் குறுக்கு, அந்தக் குறுக்கு என்று நடுவிலிருந்து ஓரத்துக்குப் போவார். முதல் சுற்றுக்குப் பாதி பலம், இரண்டாம் சுற்றுக்கு முழுப் பலம். பந்தியில் முதல் இலைக்கே சோறு, குழம்பு, பாயசம் எல்லாம் வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போகிறவன் உண்டா? அந்த மாதிரி. உதடு அசையாமல் எண்ணிக்கொண்டே போவார். நடுவில் பேசினால் பதில் வராது. இருபது முடிந்த பிறகு, நாம் எப்போதோ கேட்டதற்கு "ஆமா" என்பார். எதற்கு ஆமா என்று நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

போல்ட்டில் மட்டும் என்றால் பரவாயில்லை. ஆளே அப்படி. துட்டி வீட்டுக்கு வருவார், மாலையைப் போடுவார், கொஞ்ச நேரம் நிற்பார், போய்விடுவார். கல்யாண வீட்டிலும் அதே கொஞ்ச நேரம்தான். அவர் மனைவி, எனக்குத் தங்கச்சி மாதிரிப் பிள்ளை, ஒருநாள் சாயங்காலம் பட்டறையில் வைத்து என்னிடம் பிராது வாசித்தது.

"அண்ணாச்சி, புதுச் சேல கட்டிட்டு வந்து நிக்கேன். 'நல்லாருக்கு'ங்காக. எம்புட்டு நல்லாருக்குன்னு கேட்டா, 'நல்லாருக்குன்னுதான் சொன்னேன்ல'ங்காக. கட்டிக்கிட்டு இருவது வருசமாச்சு. ஒரு நாளாச்சும் கூட ஒரு வார்த்த வரணுமே!"

அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "நல்லா இல்லாட்டி சொல்லிருப்பேன்" என்றார். அந்தப் பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு சிரித்தது.

அது வெடிக் கம்பெனியில் வேலை பார்த்தது. விலக்கிலிருந்து மேற்கே ஏழெட்டு கிலோமீட்டர், கருவேலங்காட்டுக்குள். சரவெடி பின்னுகிற ஷெட். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் பட்டறை வாசலிலேயே இறக்கிவிடும். ஒன்பது வருசமாகப் பக்கத்து மணையில் உட்கார்ந்து பின்னுகிற சினேகிதி ஒருத்தி உண்டு. இரண்டு பேரும் வேனிலும் பக்கத்துப் பக்கத்து சீட்தான்.

அன்றைக்குத் தீபாவளி சீசன். மத்தியானம் இரண்டரை இருக்கும். என் வண்டி ஸ்டாண்டில் ஏறி நின்றது. அவர் அடியில் படுத்திருந்தார். ஆயிலை வடித்து, பில்டர் மாற்றி, தட்டைத் தூக்கி நாலு போல்ட்டில் தொங்கவிட்டிருந்தார். மிச்சம் பதினாறும் ஒரு தகர மூடியில் இருந்தன. பட்டறையில் நின்ற மற்ற இரண்டு கார்களில் ஒன்றுக்கு எஞ்சின் இல்லை, இன்னொன்றுக்குச் சக்கரம் இல்லை.

சத்தம் காதுக்கு முந்திக் காலுக்குத்தான் தெரிந்தது. தகரம் ஒரு தடவை உதறிக்கொண்டது. அப்புறம்தான் 'தும்' என்று வந்தது.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் எல்லாரும் முதலில் திசையைப் பார்ப்பார்கள். பார்த்த மாத்திரத்தில், அந்தத் திசையில் யார் வீட்டு ஆள் வேலைக்குப் போயிருக்கிறது என்று மனசு ஓடிவிடும். மேற்கே வெள்ளையாகப் புகை எழும்பி, கறுத்தது. எதிர் டீக்கடைக்காரர் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்தார்.

"அண்ணே! மதினி கம்பெனிப் பக்கம்ணே! ஏறுங்க!"

காருக்கு வெளியே அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அவை அசையவில்லை.

"பைக்குலயா?" என்றது குரல்.

"போயிப் பாக்க வேணாமாண்ணே?"

"பாத்து? ஆம்புலன்ஸ் வரும். பத்தாது. ஏத்திட்டு வர வண்டி வேணும். நீ போ. அவ இருந்தா அங்கனயே இருக்கச் சொல்லு."

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்து என்ன பிரயோஜனம்? நான் அதற்குள் நூற்றெட்டுக்குப் போன் போட்டு, எந்த இடம் என்று கேட்டதற்கு என் மண்டி விலாசத்தைக் கதவு எண்ணோடு சொல்லிக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் பைக்கைத் திருப்பிக்கொண்டு மேற்கே போய்விட்டார். அடுத்து அந்தப் பிள்ளை நம்பருக்குப் போட்டேன். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏழு தடவை போட்டேன். போனை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி ஓடினேன். மூன்றாவது சுற்றில் அந்தத் தகர மூடியில் உதைத்தேன். பதினாறு போல்ட்டும் மண்ணில் சிதறின.

கால்கள் உள்ளே இழுபட்டு, ஆள் வெளியே வந்தார். திட்டவில்லை. இரண்டு பேரும் மண்ணில் முட்டி போட்டுப் பொறுக்கினோம். பதினைந்து கிடைத்தது.

"ஒண்ணு கெடக்கு விடுங்க! பத்தொம்பது இருக்குல்ல!" என்று அலறினேன்.

"தேடுங்க."

அந்த ஒன்று என் செருப்புக்கு அடியில் இருந்தது. அதன் மேலேயேதான் நின்று அலறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் மறுபடி அடியில் போனார். நான் குப்புறப் படுத்து டார்ச் பிடித்தேன். முதல் சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்று. டிக். குறுக்கே போய் டிக். மறுபடி குறுக்கே, டிக். எனக்கு அந்தச் சத்தத்தின் மேலேயே ஆத்திரம் வந்தது. தூரத்தில் இன்னொரு வெடி, சின்னதாக. டிக்.

அப்புறம் அதே போல்ட்டில் இன்னொரு டிக்.

அதே போல்ட்டில் மூன்றாவது டிக்.

எத்தனை வருசமாக அவரைப் பார்க்கிறேன், ஒரு போல்ட்டில் இரண்டு டிக் கேட்டதே இல்லை. கை அந்தரத்தில் நின்றது.

"அண்ணாச்சி, இது எத்தனாவது?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் என் நெஞ்சுத் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். தெரியல என்றேன். அந்த இருட்டுக்குள் அவர் மூச்சு விடுவது கேட்டது, மாடிப்படி ஏறி வந்தவர் மாதிரி. பிறகு சாதாரண ஸ்பானரை எடுத்து இருபதையும் தளர்த்தினார். முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"யோவ், ஒம் பொண்டாட்டிய்யா அங்க இருக்கது!" என்று நான் கத்தியது ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்டிருக்கும். அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. இந்த முறை வாய்விட்டு எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு..." பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, சத்தமாக.

ஆயில் ஊற்றி, வண்டியை இறக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஆயில் குச்சியை உருவி அளவு பார்த்தார். அதற்கப்புறம்தான் ஏறினார். பின் சீட்டில் நான் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். வண்டி மட்டும் ஒரு விக்கல் இல்லாமல் போனது.

கம்பெனி கேட்டுக்கு வெளியே கூட்டம். இரண்டு ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம், அடுத்தது இன்னும் வரவில்லை. ஒரு கருவேல மரத்தடியில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது, சினேகிதி தலையை மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் டீக்கடைக்காரர் துண்டால் வீசிக்கொண்டிருந்தார். சினேகிதி மேல் யாரோ வாழை இலையைப் போர்த்தியிருந்தார்கள். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

அவர் தன் மனைவியை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு தடவை பார்த்தார்.

"ஒனக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. இவளத் தூக்குங்க மொதல்ல."

தூக்கினோம். விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரி வரை அவள் தண்ணீர் கேட்டுக்கொண்டே வந்தாள். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். முன்னாடியே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்கள் யாரும் கேட்கவும் இல்லை.

கேட்டது அந்தப் பிள்ளைதான், பதினாறாம் நாள் காரியத்தன்று. தெருப் பந்தலில் நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். வந்து எதிரே நின்றது.

"அண்ணாச்சி, அன்னைக்குச் சத்தம் கேட்டு எம்புட்டு நேரங்கழிச்சுக் கெளம்புனீக?"

பொய் சொல்ல வேண்டிய இடத்தில் வேடிக்கை பேசுகிற வியாதியும் எனக்கு உண்டு. "கழிச்சா? ராக்கெட்டு கணக்காக் கெளம்பிட்டோம் தங்கச்சி" என்றேன். எந்த வீட்டு வாசலில் என்ன வார்த்தை பாருங்கள். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"முப்பத்தெட்டு நிமிசம்" என்றார் அவர்.

அந்தப் பிள்ளை அவர் பக்கம் திரும்பியது.

"மூணு நிமிசம் அண்ணாச்சி ஒதச்ச போல்ட்டத் தேடுனது. ஆயிலுக்கும் மத்ததுக்கும் இருவது. மிச்சம் போல்ட்டு."

என் பங்கு மூன்று நிமிசத்தை அன்றைக்காவது அவர் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாம். குறைக்கவில்லை. கூட்டவும் இல்லை.

"போல்ட்டுக்கு அம்புட்டு நேரமா?"

"ரெண்டு தடவ போட்டேன்."

"எதுக்கு?"

"எண்ணிக்க விட்டுப்போச்சு."

அந்தப் பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. "நீங்களா?" என்றது. "கால் நடையா ஓடியாச்சும் வந்திருக்கலாம்ல" என்று கேட்டது, மெதுவாக. "வந்திருக்கலாம்" என்றார். அது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டது.

மழைக்காலம் போய் வெயில் வந்தபின் கம்பெனியைத் திறந்தார்கள். அந்தப் பிள்ளை மறுபடி வேலைக்குப் போனது. "வேற என்ன இருக்கு இங்கன?" என்றது. அவர் தடுக்கவில்லை. ஆனால் ஒரு பழைய காரை வாங்கி, பட்டறை வாசலில் ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். காலையில் வேன் போனதிலிருந்து சாயங்காலம் அது திரும்பும் வரை கியர் பாக்ஸ் வேலையைத் தொட மாட்டார். பல்பு மாற்றுவார், காற்றுப் பிடிப்பார். "பாதியில விட்டுட்டு எந்திரிக்க முடியாத வேல எதுவும் பகல்ல வேணாம்" என்றார். வண்டி கொண்டுவருகிறவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? ஒவ்வொருவராக மதுரைக்குப் போக ஆரம்பித்தார்கள். நான் போகவில்லை. எனக்கு எந்த வேலையும் இல்லாத நாளிலும் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். மூன்று நிமிசக் கடன்காரன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம் வேன் வரவில்லை. ஐந்தேகாலுக்கு வர வேண்டியது. ஐந்தரைக்கு அவர் கையைக் கழுவினார். ஐந்தே முக்காலுக்குக் காரை எடுத்தார். சத்தம் எதுவும் கேட்கவில்லையே என்று நான் சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன். மேற்கே நாலு கிலோமீட்டரில், ஓடைப் பாலத்துப் பக்கம் வேன் நின்றது. பஞ்சர். பெண்கள் எல்லாரும் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளையும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் காரைப் பார்த்ததும், "இந்தா வந்துட்டாகல்ல! ஏ மதினி, ஒன்னியக் காணாம ஒரு மணி நேரம் இருக்க மாட்டாக போல" என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே போய், மாற்றுச் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்த டிரைவர் கையிலிருந்து ஸ்பானரை வாங்கினார். ஒரு நட்டு. எதிர் நட்டு. குறுக்கே அடுத்தது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி நட்டில் நிறுத்தவில்லை. இறுக்கினார். இன்னும் இறுக்கினார். ஸ்பானர் நகராமல் நின்றபின், எழுந்து அதன் மேல் ஏறி நின்றார்.

"அண்ணே, உள்ள இருக்க ஸ்டட்டுக் கம்பி அந்துரும்ணே" என்றார் டிரைவர்.

இரண்டு கையாலும் வேனைப் பிடித்துக்கொண்டு, ஸ்பானர் மேல் குதித்தார்.

'டங்' என்று ஒரு சத்தம். பெண்கள் பேச்சு நின்றது. அவர் தடுமாறி இறங்கி, மண்ணில் கிடந்த நட்டை, அதற்குள் ஒடிந்து நின்ற துண்டோடு சேர்த்து எடுத்துப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பதறாமல் நின்றேன், பதற வேண்டிய ஆள் நான் இல்லை என்று தெரிந்ததால்.

மிச்சம் இருந்த நட்டுகளைச் சரிபார்த்துவிட்டு டிரைவர் மெதுவாக எடுக்கிறேன் என்றார். பெண்கள் சத்தமில்லாமல் ஏறினார்கள். அந்தப் பிள்ளை ஏறவில்லை. அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பாலத்துக் கட்டையில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தது. ஒடிந்த இரும்பு சூடாக இருந்திருக்கும் போல. வேன் கண்ணுக்கு மறைந்த பிறகும், அவர் அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். கீழே மட்டும் போடவில்லை.